ஆனைக்குழி டவுனோடு சேர்ந்தது

டவுன் முனிசிபாலிட்டி ஆவதற்குத் தலைக்கணக்கு போதவில்லை. மேல் சரிவில் இருந்த ஆனைக்குழியைச் சேர்த்தால் சரியாகிவிடும். டவுன் பஞ்சாயத்துத் தலைவர் திருமலைச்சாமி வெற்றிலைத் தட்டோடு மலையேறி வந்தார்.

ஆனைக்குழியில் ஊர்ப்பெரியவர் வெற்றிலை எடுத்தால் ஊரே எடுத்த மாதிரி. அதன்பின் பேச்சு மாறக்கூடாது. அப்போது பெரியவராக இருந்தவர் சேனாதிபதி. உருளைக்கிழங்கு போடுகிறவர்.

"சேந்தா எங்களுக்கு என்னங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.

"குழாய். தெருவுக்குள்ளேயே."

பக்கத்து வீட்டு இருளாயி எழுந்து நின்றாள். "எடுங்க பெரியப்பா. நீங்க யோசிக்கிற நேரத்துல நான் ஓடைக்குப் போயி ரெண்டு கொடம் தூக்கிட்டு வந்துருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சேனாதிபதி எடுத்தார்.

அறுபத்து மூன்றில் டவுன் முனிசிபாலிட்டி ஆனது. பேண்டு வாசித்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். ஓடையின் தலைப்பில் தொட்டி கட்டி, மறு கோடையில் ஆனைக்குழிக்குக் குழாய் விட்டார்கள்.

மழை முடிந்ததும் சுகாதார ஆய்வாளர் வந்தார். தொட்டிக்கு மேலே ஓடைக்கரையில் இருந்தது ஆனைக்குழியின் இடுகாடு. அதைச் சுற்றிப் பார்த்தார்.

"இனிமே இங்க யாரையும் பொதைக்கக் கூடாது. பொதைச்சா குழாயை அடைச்சிருவோம். டவுன் இடுகாட்டுக்குக் கொண்டு வாங்க."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்று ஊரில் யாரும் சாகக் கிடக்கவில்லை.

சேனாதிபதியின் மனைவி வடிவு, கிளாவரையில் பிறந்தவள். பெற்ற இரண்டும் பால்குடி மறக்குமுன் போய்விட்டன. இரண்டும் அந்த ஓடைக்கரையில் கிடந்தன. மார்கழிப் பனியில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கஞ்சி இறங்கவில்லை.

"என்னையப் பிள்ளைக பக்கத்துல போட்ருங்க."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? தூங்கு."

"போடுவீங்களா?"

"போடுறேன்."

"அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டு வெத்தல எடுத்த மாதிரி சொல்லாதீங்க. நெசமாச் சொல்லுங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, வெளிச்சம் வரும்போது அவள் இறந்தாள். இருளாயிதான் குளிப்பாட்டினாள். சேனாதிபதி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார். இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் இடம் இருந்தது. புல்லைக் கட்டியாக வெட்டி ஓரத்தில் வைத்தார்.

ஊர் வந்து நின்றது. யாரும் அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கவில்லை. இருளாயி மட்டும் கிட்டத்தில் வந்தாள். சேலை முந்தி இன்னும் ஈரமாக இருந்தது.

"பெரியப்பா."

"போ."

"தண்ணிய அடைச்சிருவாங்க."

"ஒன் பிள்ளையும் இங்கதான் கெடக்கு, இருளாயி."

"கெடக்கு. வீட்டுல இன்னும் மூணு கெடக்கு. அதுக குடிக்கணும்ல."

அவர் மற்றவர்களைப் பார்த்தார்.

"வெத்தல எடுத்தது யாரு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். அவனை யாரும் அதட்டவில்லை.

சேனாதிபதி குனிந்து புல்கட்டியை எடுத்தார். வெட்டிய இடத்திலேயே வைத்து மிதித்தார்.

வடிவைக் கம்பளியில் தூளி கட்டி நான்கு பேர் டவுனுக்கு இறக்கினார்கள். டவுன் இடுகாடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. குழிவெட்டுகிறவன் பீடியை அணைத்துவிட்டு எழுந்தான்.

"எந்த ஊருங்க?"

"ஆனைக்குழி."

"அப்பிடி ஊரு இப்ப இல்லீங்களே. வார்டு சொல்லுங்க. வார்டுக்கு ஒரு வரிசை."

சேனாதிபதிக்குத் தெரியவில்லை. தூக்கி வந்தவர்களைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை.

"வார்டு தெரியாட்டி அநாதைப் பொணம் போடுற பக்கந்தான்," என்றான் அவன். "வெரசாத் தூக்குங்க. மழ வருது."

அவர்கள் தூக்கினார்கள்.