பார்க்காத அடுப்பு

"ஏனுங்க பாய், எங்கூட்டு அடுப்பப் பாக்காமயே அதுக்கு எது சேரும்னு எப்படிங்க தெரியும்?"

கலைமணி இப்படிக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. கொல்லிமலை அடிவாரத்தில் அடுப்பும் குக்கரும் விற்கும் சிராஜுதீனின் கடை மேசையில் மோவாயை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் அம்மா பெருமாயி மலைமேல் திண்ணனூர் நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். வீட்டில் காஸ் அடுப்பு எரியவே மாட்டேன் என்கிறதாம், ஒரு படி சாமை வேகப் பொழுதே போய்விடுகிறதாம்.

"கோயில் சாப்பாட்டுக்குப் பெரிய அடுப்புல செவப்புத் திருகு வெச்ச ரெகுலேட்டர் போட்டிருந்தாங்க பாய். தீ என்னமாச் சீறுச்சுங்கிறீங்க! அதையே குடுத்துருங்க" என்றாள் பெருமாயி.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"முப்பது வருசமா இதுதான் நம்ம பொழப்பு, கண்ணு. ஆளப் பாத்தாலே அடுப்பச் சொல்லிருவேன்" என்று சிராஜுதீன் கலைமணியைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டு அடுப்புக்குக் காஸை மெதுவாக விடும் சின்ன ரெகுலேட்டர்தான் பொருந்தும், சிவப்புத் திருகு கல்யாணச் சமையலுக்கானது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அதைச் சொன்னால் பெருமாயி இன்னும் பத்துக் கேள்வி கேட்பாள், பள்ளிவாசலில் முதல் வரிசை போய்விடும். அவள் கேட்டதையே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். முதல் வரிசையும் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்து, அதே ஊர் ராசப்பன் காஸ் டியூப் வாங்க வந்தான்.

"நல்லதாப் பாத்துக் குடுங்க பாய். எங்கூர்ல பெருமாயின்னு ஒருத்தி, அடுப்பப் பத்த வெச்சதும் தீ ஆளு உசரத்துக்கு எழும்பிருச்சு. வலது கை வெந்து போச்சு. அவ கைய வெச்சாத் தண்ணியும் பத்திக்கும்னு ஊரே கேலி பேசுது. புருசன்காரன் காஸ் பக்கமே போகக்கூடாதுன்னுட்டான். ஒத்தக் கையில வெறகு ஒடிக்கிறா, பாவம்."

டியூபை அளந்துகொண்டிருந்த சிராஜுதீனின் கை நின்றது. சொல்ல வேண்டிய சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அவர் அதை விழுங்கிவிட்டு டியூபை வெட்டிக் கொடுத்தார்.

பத்து நாள் விழுங்கிக்கொண்டே இருந்தார். தொழுகையில் துஆ கேட்கக் கையேந்தினால், பெருமாயியின் கையைத் தவிர வேறு எந்த வேண்டுதலும் வரவில்லை. கடைசியில் மனைவி ஜீனத் பீவியிடம் சொன்னார். அவள் திட்டவில்லை.

"அல்லாகிட்ட அழுதா அல்லா மன்னிப்பான். அந்தப் பொண்ணு மேல விழுந்த பழிய ஆரு எறக்குறது? காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்புங்க" என்றாள்.

மறுநாள் சின்ன ரெகுலேட்டரும் புது டியூபும் பையில் இருக்க, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனார். வாசலில் பெருமாயி கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் செங்கோட்டையன் மரவள்ளிக் கிழங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான்.

சிராஜுதீன் நின்றபடியே நடந்ததைச் சொன்னார்.

"அவதான கேட்டா, நீங்க குடுத்தீங்க. இதுல உங்க தப்பு என்னங்க?" என்றான் செங்கோட்டையன்.

"அவங்க தெரியாமக் கேட்டாங்க. நான் தெரிஞ்சே குடுத்தேன். அவங்க கை மேல ஒரு தப்புமில்ல."

செங்கோட்டையன் மனைவியைப் பார்க்காமல் சாக்குக் கயிற்றைப் பார்த்தான். "நான் வேற ஊரே கேக்கற மாதிரி உன்னய..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் விட்டுவிட்டான்.

பெருமாயி பாயை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கை வெந்தது எப்பங்க பாய் உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"பத்து நாளாச்சும்மா."

"பத்து நாளு." அவள் மெல்லச் சொன்னாள். "நான் அடுப்புக்கிட்டப் போனாலே எம்புள்ள ஊட்ட உட்டு வெளிய ஓடுதுங்க. அந்தப் பத்து நாளும் ஓடுச்சு."

சிராஜுதீன் பையிலிருந்து சின்ன ரெகுலேட்டரை வெளியே எடுத்தார். அதற்குள் கிழங்கு லாரி ரோட்டில் ஆரன் அடித்தது. செங்கோட்டையன் மூட்டையைத் தூக்கினான். பெருமாயியும் எண்ணிக்கை பார்க்க எழுந்தாள். "உள்ள காபித்தண்ணி இருக்குது. குடிச்சிட்டு, மாத்தற வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் கோபம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் காபித்தண்ணி சூடாகத்தான் இருந்தது.

சிராஜுதீன் ரெகுலேட்டரையும் டியூபையும் மாற்றினார். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டார். பற்றவைத்தார். தீ அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோர்ந்து எரிந்தது. உடனே அணைத்தார். பர்னர் ஆறியதும் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பொங்கி வழிந்த சாமைக் கஞ்சி காய்ந்து, பாதித் துளைகள் அடைபட்டிருந்தன.

அவ்வளவுதான். அவள் வீட்டில் முதலில் இருந்த ரெகுலேட்டரில் ஒரு குறையும் இருந்திருக்காது. "அடுப்பக் கழுவி எத்தன நாளாச்சு?" என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் எதுவும் வாங்காமலே திரும்பியிருப்பாள், இரண்டு கையோடு. சிராஜுதீன் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

பிறகு சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, ஒவ்வொரு துளையாகக் குத்திச் சுத்தம் செய்யத் தொடங்கினார். நாற்பது, ஐம்பது துளை இருக்கும். ஒன்றையும் விடவில்லை. விறகடுப்பில் வெந்நீர் வைத்துப் பர்னரைத் தேய்த்துக் கழுவினார். துடைத்துப் பொருத்திப் பற்றவைத்தபோது தீ நீலமாக, வட்டமாக, அடக்கமாக நின்றது. சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு அணைத்தார். சிலிண்டரையும் மூடினார்.

கழுவாத அடுப்பு என்று தெரிந்தால் பழி மறுபடி அவள் மேலேயே விழும். கஞ்சிப் பொருக்கை அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு, லாரிக்குப் போனவர்கள் திரும்புமுன் கதவைச் சாத்திக்கொண்டு பின்பக்க ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்தார்.