நடுவில் வெளுக்காத ஜெல்

அண்ணன் கட்டைப் பிரித்ததும், தங்கை முதலில் பார்த்தது புண்ணை அல்ல, அதன்மேல் ஒட்டியிருந்த ஜெல்லை. அது ஓரத்திலிருந்து வெளுத்திருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி பாக்குறே? உன் சரக்குதான்" என்று சிரித்தான்.

சர்க்கரை நோய்க்காரன். பாதப்புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. அவள் உருவாக்கிய ஜெல்லை ஆஸ்பத்திரியில் சோதிக்கிறார்கள் என்று தெரிந்து, உறவைச் சொல்லாமல் அந்தச் சோதனையில் சேர்ந்திருக்கிறான்.

ஜெல் என்பது பெரும்பாலும் தண்ணீர்தான். நுண்ணிய இழைகள் வலையாகப் பின்னி அதைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்த புண்ணில் புதுத்தோல் திணறும். ஈரம் இருந்தால் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஊர்ந்து வரும். அவளுடைய ஜெல்லில் மருந்தும் உண்டு. புண்ணின் நீரைக் குடிக்கக் குடிக்க வலை தளர்ந்து மருந்து கசியும். அப்போது நடுவில் வெளுக்கும். சோதனையில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஜெல். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியக்கூடாது என்பதால், அதையும் வெளுக்க வைத்தவள் அவள்தான். ஆனால் அது ஓரத்தில்தான் தொடங்கும். வேறு யார் கண்ணுக்கும் அந்த வித்தியாசம் படாது.

"ஜில்லுன்னு இருக்கு. எரிச்சலே இல்ல" என்றான்.

அந்தக் குளிர்ச்சி வெறும் தண்ணீருடையது. ஜெல்லுக்கு அப்பால் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரெண்டு விரலை எடுக்கணுமாம். விட்டா காலே போயிடுமாம். போய்யா, என் தங்கச்சி இருக்கான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு வந்துட்டேன்."

அவன் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், மருந்துள்ள ஜெல்லைக் கேட்டு நிற்பான். கறுத்த விரலை எந்த ஜெல்லும் மீட்காது. நாள்தான் போகும்.

"விரலை எடுத்துடுண்ணா. நாளைக்கே."

"உன் மருந்து மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"இல்ல" என்றாள். "அது வேலை செய்யாதுண்ணா."

அவன் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. "இத்தனை வருஷம் அதுக்குத்தான் கல்யாணம் காட்சின்னு எதுவும் வேணாம்னு கெடந்தியா?" என்று மெல்லக் கேட்டான். கோபமில்லை. அவளுக்காகத்தான் அவன் கண் கலங்கியது.

காலைக் கீழே இறக்கி, தானே கட்டைச் சுற்றத் தொடங்கினான். துணியின் ஒரு நுனி அவள் கையில் இருந்தது. அவன் சுற்றச் சுற்ற, அவள் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.