ஒரு சொட்டுப் பால் இல்லாமல்

பால்காரர் வீட்டு மருமகளே பாலைத் தொடமாட்டேன் என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? மாமியாருக்கு அதுதான் கவலை. வீட்டின் கீழ்த்தளம் முழுக்க மாமனாரின் பால் டிப்போ. விடியும் முன்பே கேன் உருளும் சத்தத்தில்தான் அந்த வீடு கண் விழிக்கும். கணவன் ஓட்டுவதும் பால் வண்டி.

பால் வரும் பண்ணையை அவள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தாள். தாயிடம் குடித்துவிடக் கூடாது என்று கன்றின் வாயில் கூடை கட்டியிருந்தார்கள். அன்றோடு பால், தயிர், நெய் மூன்றையும் விட்டுவிட்டாள். யாருக்கும் உபதேசம் பண்ணவில்லை. காப்பியைக் கறுப்பாகக் குடித்தாள், அவ்வளவுதான்.

ஆனால் இனிப்பை மட்டும் விட முடியவில்லை, நாக்கு அப்படி. அதனால் தானே செய்யக் கற்றுக்கொண்டாள். பேரீச்சம்பழத்தையும் பாதாமையும் சேர்த்து அரைத்துத் தட்டில் அழுத்துவாள். ஊறவைத்த முந்திரியைத் தேங்காய்ப் பாலும் எலுமிச்சைச் சாறும் விட்டு மழமழவென்று அரைத்து, மேலே ஊற்றி ஃப்ரீசரில் வைப்பாள். அடுப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். ஆரம்பத்தில் மொத்தமும் கஞ்சியாக வழிந்தது. அடுப்புப் பற்றவைக்காமல் செய்வதற்குப் பெயர் சமையலா என்று மாமனார் கேட்டார். தேங்காய்ப் பாலைப் பார்த்துவிட்டு, பேரிலாவது பால் இருக்கிறதே என்று கேலியும் செய்தார். அவள் அடுத்த முறை கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்தாள். கேக் கெட்டியாக நின்றது. கணவன் தன் அம்மா இல்லாத நேரம் பார்த்து இரண்டு துண்டு விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிப்புக் கடைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். டிப்போவின் பாலில் பாதி அவர் கடைக்குத்தான் போகிறது. வீட்டில் கொடுக்க வேறு ஒன்றும் இல்லாததால் மாமியார் ஃப்ரீசரில் இருந்ததை வெட்டித் தட்டில் வைத்துக் கொண்டுபோனார். கடைக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இது என்ன என்று கேட்டார்.

"எல்லாம் நம்ம பாலோட க்ரீம்தான். மருமக செஞ்சா," என்றார் மாமியார், கொஞ்சமும் யோசிக்காமல்.

கடைக்காரர் இன்னொரு வாய் சாப்பிட்டார். அவர் முகம் மெல்ல மாறியது.

"இவ்வளவு நல்ல க்ரீமை வீட்டுல வெச்சுக்கிட்டு, எனக்கு அனுப்பறது என்ன?"

மாமனாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியெல்லாம் இல்லை என்று மென்று விழுங்கினார். சமையலறை வாசலில் நின்ற மருமகளை மாமியார் கண்ணாலேயே கெஞ்சினார். பேசாமல் இருந்தால் அன்றைய பொழுது எப்படியாவது போயிருக்கும். ஆனால் அவள் மெனக்கெட்டு அரைத்ததற்கான பேர் பாலுக்குப் போயிருக்கும்.

"அதுல ஒரு சொட்டுப் பால் இல்லங்க," என்றாள். "முந்திரி."

கடைக்காரர் சிரித்தார். க்ரீமிலேயே முங்கி எழுகிற தனக்கே கதை சொல்வதா என்றார். அவள் மிக்ஸியைத் தூக்கிவந்து கூடத்து மேசையில் வைத்தாள். மறுநாளைக்கு ஊறிக்கொண்டிருந்த முந்திரியை அவர் கண்ணெதிரே அரைத்து, ஒரு கரண்டி நீட்டினாள். அவர் நக்கிப் பார்த்தார். அதே மழமழப்பு.

வியாபாரிக்கு மூளை உடனே வேலை செய்தது. தன் கடைக்குச் செய்து தருவாயா என்று கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை: பால் இல்லை என்று வெளியே சொல்லக் கூடாது, ஜனங்கள் பத்தியச் சாப்பாடு என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள்.

"பால் இல்லன்னு எழுதி வெச்சா தரேன். இல்லன்னா வேண்டாங்க."

பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா இது என்று மாமனார் அதட்டினார். அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன் மாமா என்று அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

வந்தவர் போனதும் மாமியார் அழுதார். அடுத்த மனுஷன் முன்னால் தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாளாம். அது அவளுக்கும் உறுத்தியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்கள தலைகுனிய வெச்சிட்டேன், மன்னிச்சிடுங்க அத்தை. ஆனா அதைப் பால்னு சொல்ல விடமாட்டேன்."

மாமனார் ஒரே வார்த்தையில் முடித்தார்: அந்தப் பண்டம் என் வண்டியில் ஏறாது.

கடைக்காரரிடமிருந்து ஆள் வந்தான். எழுதிக்கொள்ளலாம், ஆனால் சின்ன எழுத்தில் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எழுத்தைத் தானே எழுதிக்கொள்வதாக அவள் பதில் சொல்லி அனுப்பினாள். அட்டையில் பால் இல்லை என்று பட்டையாகவே எழுதினாள்.

மறுநாள் காலையில் கடைக்கான பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கினாள். கணவன் தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். வேண்டாம், பஸ் இருக்கிறது என்று அவள் தலையசைத்தாள். பால் வாங்க நின்றிருந்தவர்களில் ஒரு அம்மா, பெட்டியில் என்ன என்று கேட்டார்.

"கேக்குங்க. பாலே இல்லாத கேக்," என்றாள், டிப்போ முழுக்கக் கேட்கிற மாதிரி.

மாமனாரின் கையிலிருந்த அளவைக் குவளை ஒரு கணம் நின்று, பிறகு ஊற்றியது. அவள் கேன்களுக்கு நடுவே நின்றவர்களை வழிவிடச் சொல்லி விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். பெட்டிக்குள் கேக்கைச் சுற்றி வைத்த ஐஸ் இளகத் தொடங்கியிருந்தது. நடையை எட்டிப்போட்டாள்.