சட்டத்துக்குள் பதினோரு குழிகள்

மூடிப்போன நெசவாலைக்கு வெள்ளையடித்து நுழைவுச்சீட்டு கிழித்தால் அது அருங்காட்சியகம். அதன் சுவருக்குச் சட்டம் அடித்துவிட்டால் கலைக்கூடம். அதே தறிக்கூடத்தில் முப்பது வருஷம் தறி பழுதுபார்க்கும் பிட்டராகக் குப்பை கொட்டியவருக்கு, திறப்பு விழா அன்றுதான் இந்த ஞானம் வாய்த்தது.

மகள் அங்கே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையில் சேர்ந்து ஒரு வாரம். அவள் நின்ற இடத்தைப் பார்த்ததும் அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

அவளுக்கு எதிரே பழைய விசைத்தறி, பின்னால் சுவரில் பதினோரு குழிகள். சுற்றிலும் பொன்னிறச் சட்டம். கீழே பலகை: ‘காலத்தின் முத்தங்கள்’.

“உழைப்பின் மௌன மொழி,” என்று விருந்தினர்களிடம் உருகினார் அருங்காட்சியக இயக்குநர். மனிதர் தண்ணீர் கேட்டாலும் வாக்கியம் பல்லக்கில்தான் வரும்.

“முத்தமாவது ஒண்ணாவது! நாடா அடிச்ச குழிங்க அது,” என்றார் பிட்டர். “நூலச் சுமந்துக்கிட்டு குறுக்க ஓடுற, ரெண்டு பக்கமும் இரும்பு முனை வெச்ச கட்டை. தறி ஓடுறப்ப தெறிச்சா நேரா அந்தச் சுவருதான். நாங்க யாரும் அங்க நிக்கவே மாட்டோம். தடுப்புக் கம்பி எங்க?”

“அழகை மறைத்தது. அகற்றிவிட்டோம்.”

“அப்ப தறிய ஓட்டாதீங்க.”

“வல்லுநர் குழு பார்த்தாயிற்று, பெரியவரே.” வல்லுநர் குழு என்பது அவரும் அவர் மச்சானும்.

பிட்டர் மகளிடம் போனார். “இந்தப் பக்கம் வந்துடும்மா.”

“அப்பா, இங்கயும் வந்து மானத்த வாங்காதீங்க. இங்கதான் நிக்கணும்னு சொல்லியிருக்காங்க. நகர்ந்தா நாளைக்கு வேற ஆளு.”

“வேல போனா போகுதுடி.”

“உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க.”

இயக்குநர் பொத்தானை அழுத்தினார். தறி இருமிக்கொண்டு கிளம்பியது. ஒரே கைதட்டல். நாலாவது அடியிலேயே பிட்டரின் காதுக்குத் தெரிந்துவிட்டது: இடப்பக்க அடி பிந்துகிறது, நாடா தெறிக்கப் போகிறது. வெளியே வார்னிஷ் பூசிய புண்ணியவான்கள் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை.

“இன்னும் கொஞ்சம் வேகம்,” என்றார் இயக்குநர்.

பிட்டர் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் சிரித்த முகம் மாறாமல் உதறினாள். தறி வேகமெடுத்தது.

 பிட்டர் அவளுக்கு முன்னால் போய், தறியைப் பார்த்தபடி நின்றார். மகள் அவரைவிட அரையடி உயரம். குதிகாலைத் தூக்கிக்கொண்டார்.

“பெரியவரே, மறைக்குது!” என்றது கூட்டம்.