வளையல் சத்தத்துக்குத் தடை

மனிதன் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்குப் பின்னாலும் ஒரு விதி உண்டு, அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால் மனிதகுலத்தையே திருத்திவிடலாம் என்பது ராஜகோபாலின் திடமான நம்பிக்கை. ஆம்பூரில் இந்த உண்மை தெரிந்த ஒரே ஆள் தாம்தான் என்பது அதைவிடத் திடமான நம்பிக்கை. ஆனால் மனிதகுலத்தைத் திருத்துவதற்கு முன்னால் பக்கத்து அறையிலிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குத்தான் அவருக்கு விதி கிடைக்கவில்லை.

பக்கத்து அறை ரஃபத் ஜஹானுடையது. இரண்டு அறையும் சேர்ந்தது ஒரு பழைய தோல் கிடங்கு. தோல் வியாபாரி ஜியாவுல்லா சாகிப் தம்முடைய தர்ம ஸ்தாபனத்தின் பேரில் அதற்கு வெள்ளையடித்து, நடுவில் பலகைத் தடுப்பு வைத்து, எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு பயிற்சி நிலையமாக்கியிருந்தார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத, பேச்சு வராத, தங்கள் பாட்டுக்குத் தனி உலகத்தில் இருக்கிற பிள்ளைகள் அங்கே வந்தார்கள். ஊர் அதைப் பைத்தியக்காரப் பள்ளிக்கூடம் என்றது. மாதம் ஒருமுறை வந்துபோகும் பெங்களூர் டாக்டரம்மா ஆட்டிசம் என்றார். ராஜகோபால் பெங்களூரில் ஆறு வாரம் பயிற்சி பெற்றுத் திரும்பி, "அப்ளைட் பிஹேவியர் அனாலிசிஸ்" என்று மூச்சு விடாமல் சொன்னார். மழை பெய்தால் மட்டும் சுவரிலிருந்து ஆட்டுத் தோல் வாசனை வந்தது.

ரஃபத் ஜஹானும் போய் வந்தவர்தான். அதே ஆறு வாரம், அதே டாக்டரம்மா, அதே சான்றிதழ். ராஜகோபால் தம்முடையதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார். ரஃபத் மாட்டவில்லை. அந்த மாட்டாமையை ராஜகோபால் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

முறை என்னவோ எளிமையானதுதான். ஒரு காரியத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, தினமும் ஒரே மாதிரி சொல்லி, பிள்ளை செய்த அந்த நொடியே அதற்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் கையைப் பிடித்துக் காட்டலாம், கண்ணால் ஜாடை காட்டலாம். பிறகு அந்த உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் பிள்ளை கற்றுக்கொண்டது பாடத்தை அல்ல, உதவியை. இதை ராஜகோபால் யாரைப் பார்த்தாலும் சொல்வார். டீக்கடையில் சொல்லி, டீக்கடைக்காரருக்கே மனப்பாடம்.

ஆனால் தாய்மார்கள் ரஃபத்தின் அறை வாசலில்தான் கூடினார்கள். ஆயா வேலை பார்க்கிற சுந்தரி முதல் டீயை அந்த அறைக்கே கொண்டுபோனாள். ராஜகோபாலுக்கு வருவது இரண்டாவது டீ, அதிலும் ஆடை. போதாக்குறைக்கு ஒருநாள் ராத்திரி சோறு போடும்போது சம்சாரம் தாயாரம்மாள், "அந்த டீச்சரம்மா ரொம்ப நல்லா சொல்லித் தர்றாங்களாமே, மார்க்கெட்ல பேசிக்கிறாங்க" என்றாள்.

"என்னப் பத்தி இன்னா பேசிக்கிறாங்க?"

தாயாரம்மாள் யோசித்துப் பார்த்தாள். "ஷூ சத்தம் நல்லா கேக்குதுன்றாங்க."

அது உண்மை. சாகிப் ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்த ஷூக்களில் ஒரு பகுதி, நடந்தால் சத்தம் வருகிறது என்று திரும்பி வந்திருந்தது. சாகிப் அதை நிலையத்துக்கு அனுப்பி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டவர் ராஜகோபால் ஒருவர்தான். கறுப்பு, கயிறு கட்டுகிற மாதிரி, முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. அடியெடுத்து வைத்தால் கிரீச்சென்று ஒரு முனகல். "ஒரிஜினல் தோலு அப்படித்தான்யா பேசும்" என்று விளக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளும் கொஞ்ச தூரம் அதோடுதான் நடப்பார்.

அந்த வருஷம் சாகிப் ஒரு செய்தி சொன்னார். பேரணாம்பட்டில் இன்னொரு நிலையம் வரப்போகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். "எனக்கு உங்க சைன்ஸ் தெரியாது. தோலுன்னா கையில தடவிப் பாத்து ஃபர்ஸ்ட்டா செகண்டான்னு சொல்லிடுவேன். புள்ளைங்கள நான் இன்னாத்த தடவறது? டாக்டரம்மா வரட்டும். ஆளுக்கொரு புள்ளைய வெச்சுச் செஞ்சு காட்டுங்க. அவங்க யாரச் சொல்றாங்களோ அவங்கதான்."

அன்றிலிருந்து ராஜகோபாலுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பதவி கிடைக்காமல் போனாலும் தாங்கிக்கொள்ளலாம்; அது ரஃபத்துக்குக் கிடைப்பதைத்தான் தாங்க முடியாது. கண்ணை மூடினால் பேரணாம்பட்டு பஸ்ஸில் முன்சீட்டில் ரஃபத்தும், பின்னால் கம்பியைப் பிடித்தபடி தாமும் நிற்கிற காட்சி வந்தது.

மறுநாளே "தரக் கண்காணிப்பு" என்று தாமே ஒரு பொறுப்பை ஏற்படுத்தி, தாமே அதை ஏற்று, பலகைத் தடுப்பைத் தாண்டிப் போய் ரஃபத்தின் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ரஃபத்தின் எதிரில் ஏழு வயது மஹ்பூபி. பேச்சே இல்லாமல் வந்த பிள்ளை. இப்போது தாகம் எடுத்தால் "தண்ணி" என்கிறாள். சொன்னதும் தண்ணீரும் கிடைக்கும், சுற்றிவிட்ட ஒரு டப்பா மூடியும் கிடைக்கும். மூடி சுழல்வதைப் பார்த்து மஹ்பூபி சிரிப்பாள், அவளைப் பார்த்து ரஃபத் சிரிப்பார். பக்கத்து அறைக்குக் கேட்கிற சிரிப்பு இதுதான். ராஜகோபால் இருமினார்.

"டீச்சர், அந்த வளையலு."

"இன்னா சார் வளையலு?"

"நீங்க சொம்ப எடுக்கும்போது கலகலன்னுது. புள்ள தாகத்துக்குக் கேக்குதா, வளையல் சத்தத்துக்குக் கேக்குதா? தரம்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

சண்டைக்கு வேண்டிய பதில்களை எல்லாம் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தார். ரஃபத் தம் கையில் இருந்த கண்ணாடி வளையல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நெஜந்தான் சார். எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றார். "கழட்டுனா மாமியாரு கத்துவாங்க. சத்தம் வராம பண்ணிக்கிறேன்." கைக்குட்டையை எடுத்து வளையல்களின் மேல் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். சொம்பை எடுத்தார். சத்தம் இல்லை.

மஹ்பூபி ஒன்றும் சொல்லவில்லை. சொம்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். தண்ணியும் இல்லை, தாகமும் இல்லை.

ராஜகோபால் வெகுகாலத்துக்குப் பிறகு அன்று பசித்துச் சாப்பிட்டார். ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டார். மறுநாள் தடுப்பின் இருபக்கமும் தெரிகிற மாதிரி ஒரு அட்டை தொங்கியது: "பயிற்றுநர் தம்மையறியாமல் எழுப்பும் ஒலி, காட்டும் அசைவு எதுவும் பிள்ளைக்குத் துணையாகக் கூடாது. வளையல் சத்தத்துக்குத் தடை."

ரஃபத் கோபித்துக்கொண்டிருந்தால் ராஜகோபாலுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ரஃபத்தோ கைக்குட்டையும் கையுமாகப் பாடத்தை அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். சுந்தரியைக் கூப்பிட்டு ஒருநாள் அவளைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒருநாள் டம்ளரில், ஒருநாள் வராந்தாவில், ஒருநாள் மஹ்பூபியின் அப்பா கவுஸ் பாஷாவை வேலைக்குப் போகிற வழியில் பிடித்து நிறுத்தி. சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. ராஜகோபால் அந்த அமைதியை ரசித்தார்.

அவர் பாடம் சொல்லித்தருகிற பிள்ளை ராஜவேலு. ஒன்பது வயது. மேஜையில் டம்ளர், சீப்பு, கரண்டி மூன்றும் இருக்கும். "ராஜவேலு, சீப்ப எடு" என்பார். ராஜவேலுவின் கை மூன்றின் மேலும் பருந்து மாதிரி வட்டமிடும். தலை குனிந்திருக்கும். கை சீப்பின் மேல் வந்ததும் ராஜகோபாலுக்கு ஆவல் தாங்காது. சற்றே முன்னால் சாய்வார். காலடியில் ஒரு முனகல் கேட்கும். கை சரியாக இறங்கும். ஒருநாளும் தப்பியதில்லை. உடனே மேரி பிஸ்கட்டில் ஒரு துண்டு.

ராஜவேலுவின் அம்மா பூங்காவனம் ஷூ கம்பெனியில் தையல் வேலை. வேலை விட்டு மகனை அழைத்துப்போக வந்தவள், மஹ்பூபியின் அம்மாவிடம் பேசிவிட்டுத் தயங்கித் தயங்கி ராஜகோபாலிடம் வந்தாள்.

"சார், இங்க பண்றான். வூட்ல பண்ண மாட்டேன்றான்."

"நீங்க முறையா கேக்கறதில்ல."

"நீங்க சொன்னா மாதிரியேதான் சார் கேக்கறேன். சீப்ப எடுடான்னா என் காலயே பாக்கறான்."

ராஜகோபால் நெகிழ்ந்துபோனார். "அது மரியாதைம்மா. இங்கயும் அப்படித்தான். என் காலப் பாக்காம ஒண்ணும் செய்ய மாட்டான். நான் சொல்லித் தராமலே வந்த மரியாதை."

"மஹ்பூபி அவங்கப்பா கிட்டயும் தண்ணி கேக்குதாமே சார்."

நெகிழ்ச்சி அந்த இடத்திலேயே காய்ந்துவிட்டது. தடுப்புக்கு அந்தப்பக்கம் சத்தம் இல்லையே தவிர வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. அன்று மாலையே கிரீச் கிரீச்சென்று சாகிப்பின் ஆபீசுக்கு நடந்தார்.

"பழக்கப்பட்ட அறையில பழக்கப்பட்ட நாற்காலியில செஞ்சு காட்டறது தரம் இல்லீங்க" என்றார். "புது இடத்துல பாக்கணும். உங்க வூட்டு ஹால்லயே வெச்சுக்கலாம். உண்மையாக் கத்துக்கிட்ட புள்ள எங்கயும் செய்யும்." மஹ்பூபி புது இடம் என்றால் மிரளுவாள் என்பது அவருக்குத் தெரியும். ராஜவேலு எதற்கும் மிரளமாட்டான்.

"நல்லதாப் போச்சு. டாக்டரம்மாவுக்குச் சாப்பாடும் நம்ம வூட்லயே" என்றார் சாகிப்.

ஞாயிற்றுக்கிழமை சாகிப் வீட்டு ஹாலில் கனத்த ஜமக்காளம் விரித்திருந்தது. வாசலில் செருப்பும் ஷூவுமாகக் குவிந்து கிடந்தன. அந்த வீட்டு வாசப்படியைக் காலணியோடு தாண்டியவர் அதுவரை யாருமில்லை. ராஜகோபாலும் குனிந்து கயிற்றை அவிழ்த்து, தம்முடையதைக் கூட்டத்தில் கலந்துவிடாமல் ஓர் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். இடதுகால் சாக்ஸில் கட்டைவிரல் தெரிந்தது. அதை மடக்கிக்கொண்டு நின்றார்.

முதலில் மஹ்பூபி. மிரளத்தான் செய்தாள், காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் நின்றாள். ராஜகோபால் கூரையைப் பார்த்தார். ரஃபத் அவசரப்படவில்லை. டப்பா மூடியைத் தரையில் சுற்றிவிட்டார். அது சுழன்று அடங்கியதும் மஹ்பூபி கிட்டே வந்தாள். வெயிலில் வந்த பிள்ளை. ரஃபத் மேஜையிலிருந்த தண்ணீர்க் கூஜாவை எடுக்கப் போனார்.

"வேற யாராவது கொடுத்துப் பாக்கலாமா?" என்றார் டாக்டரம்மா. "சார், நீங்க வாங்களேன்."

ராஜகோபால் கூஜாவைத் தொடாமல் மஹ்பூபியின் எதிரில் விறைப்பாக நின்றார். முகத்தில் ஒரு அசைவு கிடையாது. முடிந்தவரை மூச்சுகூட விடவில்லை.

மஹ்பூபி அவரை அண்ணாந்து பார்த்தாள். "தண்ணி" என்றாள்.

கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தார். கொஞ்சம் ஜமக்காளத்தில் சிந்தியது.

"மொதல்ல வளையல் சத்தத்துக்குத்தான் சொல்லிட்டு இருந்தா மேடம்" என்றார் ரஃபத். "ராஜகோபால் சார்தான் கண்டுபிடிச்சாரு. இல்லன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"பரவாயில்லயே சார்" என்றார் டாக்டரம்மா. அந்தப் பாராட்டு செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அடுத்து ராஜவேலு. டம்ளர், சீப்பு, கரண்டி. "ராஜவேலு, சீப்ப எடு."

கை வட்டமிட்டது. சீப்பின் மேல் வந்தது. ராஜகோபால் முன்னால் சாய்ந்தார். ஜமக்காளம் ஒன்றும் சொல்லவில்லை. கை கரண்டிக்குப் போனது, டம்ளருக்குப் போனது, திரும்பச் சீப்புக்கு வந்தது. இன்னும் சாய்ந்தார். மேஜையில் நெற்றி இடிக்கும் அளவுக்குச் சாய்ந்தார். கை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சீப்ப எடு."

ராஜவேலு அவருடைய காலைப் பார்த்தான். கட்டைவிரலை ராஜகோபால் மடக்கிக்கொண்டார்.

"புது எடம் பாருங்க, கொஞ்சம் பேஜாராய்ட்டான்" என்றார். "தினம் செய்வான் மேடம். ஒருநாள் தப்பினதில்ல. பூங்காவனம், நீங்களே சொல்லுங்கம்மா."

கதவோரம் நின்ற பூங்காவனம் மகனோடு சேர்ந்து அவருடைய காலைப் பார்த்தாள்.

"நான் சொல்லிப் பாக்கட்டுமா சார்?" என்றார் ரஃபத்.

"வேணாம்" என்றார் ராஜகோபால். குரல் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்துவிட்டது.

ராஜவேலு எழுந்தான். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. டாக்டரம்மா, "விடுங்க, எங்க போறான்னு பாப்போம்" என்றார். அவன் ஹாலைக் கடந்து வாசலுக்குப் போய்க் குவியலின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கை வட்டமிடவில்லை. ஓரமாக இருந்த ஜோடிக்கே நேராகப் போனது. ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து ராஜகோபாலின் காலடியில் வைத்தான். வைத்துவிட்டு மேஜைக்குப் போய், மூன்று பொருள்களின் மேலும் கையை நீட்டியபடி காத்திருந்தான்.

சாகிப் குனிந்து பார்த்தார். "அட, அந்த ரிட்டர்ன் லாட்டு" என்றார்.

அது வலதுகால் ஷூ. இடதுகால் ஷூவில் சத்தம் வராது.