இத்தா முடியட்டும்

“திரும்பிப் போ றினோஸ். ஹயர் இல்ல.”

வாசலில் நின்ற ஓட்டோவை ஸுஹைல் விரட்டினார். உள்ளே, கணவன் இறந்தபின் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவின் வெள்ளைச் சேலையில், புறப்பட்டு நின்ற கைறுன்னிஸா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸுஹைலின் தம்பி யாகூப் மௌத்தாகி இரண்டு வாரம். அவன் மனைவி கைறுன்னிஸாவின் இடது மார்பில் ஏலக்காய் அளவில் ஒரு கட்டி. மாத்தளை ஆஸ்பத்திரியில் இன்று ஊசிப் பரிசோதனை.

“பெரியாப்பா, வெட்டவும் மாட்டாங்க, மயக்கவும் மாட்டாங்க. மெல்லிய ஊசியால கொஞ்சம் உறிஞ்சி எடுப்பாங்க, அவ்வளவுதான்,” என்று மகள் நுஸ்ரா கெஞ்சினாள். “நோய் வருத்தத்துக்கு இத்தாவிலயும் வெளிய போகலாம்னு மௌலவியே சொன்னாரு.”

“மௌலவிக்கென்ன? தம்பிட கபுறு மண்ணு காயல்ல, பொண்டாட்டி ஆம்புள டொக்டருக்கு நெஞ்சக் காட்டப் போறாள்னு தெரு என்னையில்லவா கேக்கும்!”

“குத்தினா பரவுமாம்,” என்றாள் அவர் மனைவி மபாஸா. “இத்தா முடியட்டும். கட்டி எங்க ஓடிரப் போகுது?”

ஓடவில்லைதான். இருந்த இடத்திலேயே வளர்ந்தது. நாலு மாதம் பத்து நாளும் தம்பி மனைவியைக் கட்டிக் காத்த ஸுஹைலைத் தெருவே மெச்சியது. இத்தா முடிந்த அன்று அவர் ஊருக்கெல்லாம் சோறு போட்டார். அப்போது கட்டி ஜாதிக்காய் அளவு.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊசியோடு வந்தவர் ஒரு பெண் டொக்டர். ஸ்பிரிட் தடவி, கட்டியை இரு விரலால் பிடித்துக் குத்தினார். இரத்தம் எடுக்கும் ஊசியை விட மெல்லியது. உள்ளே அங்குமிங்கும் அசைத்து உறிஞ்சியபோது சுருக்கென்றது. இன்னொரு தடவை குத்தினார். எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.

“முடிஞ்சிட்டா?” கைறுன்னிஸாவால் நம்ப முடியவில்லை.

“முடிஞ்சிது. கொஞ்சம் கன்றி நோகும், போயிடும். ஏன்மா இவ்வளவு நாள் வரல்ல?”

அவள் அழுதுவிட்டாள். ஊசி வலிக்காக அல்ல.

முடிவு வந்தது. புற்றுநோய். அடுத்த சோதனைகளில், கக்கத்துக்கும் பரவியிருந்தது தெரிந்தது.

“அப்பவே சொன்னோமே!” வந்தவர்களிடமெல்லாம் ஸுஹைல் கைவிரித்தார். “சும்மா இருந்த கட்டிய ஊசியால குத்திப் பரப்பிட்டாங்க.”

வந்தவர்களும் தலையாட்டினார்கள்.

கைறுன்னிஸா மகளை அருகே அழைத்தாள். அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“நுஸ்ரா, உன்ட நெஞ்சுல ஒரு கட்டி தட்டுப்பட்டா அன்னிக்கே போயிடு. என்ட மய்யித்து இந்த ஊட்டுல கிடந்தாலும் தாண்டிப் போ. பெரியாப்பாகிட்ட கேக்காத.”