குகைக்குள் பத்துப் பேர்

ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பன்னிரண்டு குழு, குழுவுக்குப் பத்துப் பேர், ஆக நூற்றிருபது. குகை வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. இடது உள்ளங்கையில் எண்ணும் கருவி ஒன்று இருக்கும். ஓர் ஆள் உள்ளே நுழைந்தால் ஒரு தட்டு. பத்தாவது தட்டு விழுந்துவிட்டால் மந்திரியே வந்து நின்றாலும் கயிற்றைக் குறுக்கே போட்டுவிடுவேன். ஒருமுறை ஒரு மந்திரியின் மச்சினன் வந்தார், போட்டேன்.

இந்தக் கறார் எல்லாம் மாமா ஒற்றைக் காலில் நின்று கொண்டுவந்தது. மாமா என்றால் என் அக்காவைக் கட்டியவர். இந்தக் குகையில் இருபத்திரண்டு வருடமாகக் கைடு.

உள்ளே சுவரில் ஒரு படகு. வரைந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒன்பது பேர் துடுப்புப் போடுகிறார்கள். இடமிருந்து மூன்றாவது ஆள் மட்டும் தண்ணீரைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறான். ஏன் பார்க்கிறான் என்பதற்கு மாமாவிடம் மூன்று காரணங்கள் உண்டு. எதைச் சொல்வது என்பதைக் குழுவின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார்.

சுவரின் இடது கோடியிலிருந்து வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது. ஆட்களின் மூச்சில் இருக்கும் ஈரம் சுவரில் படிந்து, பாறைக்குள் இருக்கும் உப்பை வெளியே இழுத்து வருகிறதாம். உப்புப் பூத்த இடத்தில் வண்ணம் பொடிந்து உதிர்ந்துவிடும். முதல் இரண்டு பேரையும் அது தின்று முடித்துவிட்டது. மூன்றாமவன் முகத்துக்கு ஒரு சாண் பாக்கி.

முன்பெல்லாம் நாளைக்கு எண்ணூறு பேர் உள்ளே போனார்கள். அதைக் குறைக்கச் சொல்லி மாமா மனுவுக்கு மேல் மனு போட்டார். ஹோட்டல்காரர்களிடமும் வேன்காரர்களிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "எங்க பொழப்போட உங்க பொழப்பும் சேந்துதான் போகும்" என்று ஒரு வேன்காரர் கத்தியபோது, "போகட்டுமே. பொழப்பு வேற கெடைக்கும். அவன் மூஞ்சி போச்சுன்னா வருமா?" என்றார். கடைசியில் குகையைப் பராமரிக்கும் அலுவலகம் இறங்கி வந்தது. பத்துப் பேர், எட்டு நிமிடம், திங்கட்கிழமை விடுமுறை.

ஒன்றரை வருடம் ஓடியது. வெள்ளை நின்றபாடில்லை.

அப்போதுதான் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். தீப்பெட்டி அளவில், காற்றின் ஈரத்தை அளக்கும் மூன்று மீட்டர்களைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனதால் அவருக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்தோம். ஒரு மாதம் கழித்து டிக்கெட் அறையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். மாமா உள்ளே குழுவோடு இருந்தார்.

"திங்கக்கிழம லீவுதானே?" என்றார்.

"ஆமா மேடம். பூட்டியிருக்கும்."

"யாரும் உள்ள போறதில்லயே?"

திரையைப் பார்த்தேன். நான்கு திங்கட்கிழமைகளிலும் காலையில் கோடு விறுவிறுவென்று ஏறி, இரண்டு மணி நேரம் உச்சியிலேயே நின்றிருந்தது. இடது கோடி மீட்டரில் மட்டும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. திங்கள்தோறும் மாமா சாவியோடு தனியாகப் போவார். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, சுவருக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய், வெள்ளை எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பார். அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்காது. அக்கா என்னவோ நான்தான் வெள்ளை பூசியதுபோல என்னைத் திட்டுவாள்.

"யாரும் போறதில்ல மேடம்" என்றேன்.

"அப்ப ஈரம் பாறைக்குள்ளேருந்துதான் வருது. பின்பக்கமா துளை போட்டுத் தண்ணிய வடிக்கணும். அதிர்வுல ஓவியம் கொஞ்சம் உதிரலாம். வேற வழி தெரியல."

என் பொய்க்குச் சுவரில் துளை விழப்போகிறது என்று தெரிந்தும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

மாமா எப்போது வாசலில் வந்து நின்றார் என்று தெரியாது. தண்ணீர் குடிக்க வந்திருப்பார் போல.

"தொளையெல்லாம் வேணாம் மேடம்" என்றார். "திங்கக்கிழம நான் போறேன். அவன் சும்மா சொல்றான்."

மீட்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மற்ற நாட்களின் கோட்டைக் காட்டினார். ஒவ்வொரு குழுவுக்கும் ஏறியது. குழு போன பிறகு இறங்க வேண்டும், இறங்கவில்லை.

"ஒரு குழு போனதும் நீங்க வெளிய வருவீங்களா சார்?"

"எதுக்கு? அடுத்த குழு வந்துரும்ல. உள்ளயே இருப்பேன்."

"எங்க நிப்பீங்க?"

"எடது ஓரமா. வந்தவங்களுக்கு மறைக்கக் கூடாதுல்ல."

"பேசிக்கிட்டே இருப்பீங்க."

"கைடுன்னா பேசாம எப்படி மேடம்?" என்று சிரித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். மீட்டரம்மா மடிக்கணினியை மூடினார். அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் கருவியில் ஒரு நாளும் மாமாவுக்காக நான் தட்டியதில்லை. எனக்கு மட்டுமா, ஆபீசில் யாருக்குமே அது தோன்றவில்லை. கூட்டம் என்றால் டிக்கெட் வாங்கியவர்கள். நாங்கள் கூட்டத்திடமிருந்து சுவரைக் காப்பாற்றுகிறவர்கள். எட்டு நிமிடம் நின்றவர்களை எண்ணி எண்ணி விரட்டிவிட்டு, நாள் முழுக்க அங்கேயே நின்று பேசியவரை விட்டுவிட்டோம்.

மாமா அன்றைக்கே சாவியை ஒப்படைத்தார். மறுநாளிலிருந்து குகைக்கு வெளியே, மர நிழலில் நின்றபடி கதை சொன்னார். கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "நீங்க வரலயா?" என்று யாராவது கேட்டால், "நான் பாத்துட்டேன், நீங்க போங்க" என்பார். முதல் வாரம் அவர் குகைக்கு முதுகைக் காட்டியே நின்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து மீட்டரம்மா அளந்து முடித்து, முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"நின்னுடுச்சு சார். ஒரு மில்லிமீட்டர்கூட நகரல. அவன் முகம் பொழச்சுது."

மாமா அத்தனை வருடம் காத்திருந்த சேதி அது. நான் அவர் பக்கம் பார்க்காமல், இந்த வருடம் மழை குறைவு, அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று எதையோ உளற ஆரம்பித்தேன்.

"சும்மா இருடா" என்றார். "கூட்டம் அதே நூத்திருபதுதான். கொறஞ்சது ஒரு ஆளு."

மீட்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமாவுக்கு வரவில்லை. "நல்ல சேதி மேடம். ரொம்ப நல்ல சேதி" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு அடுத்த பத்துப் பேரைக் கூப்பிடச் சொன்னார்.